விலை பேசாத அக்கா

பரிதாவுக்குக் கோபம் வந்தால் அது ஏற்காடு பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிடும். காலையில் அவள் கடை ஷட்டரைத் தூக்குகிற சத்தத்தைக் கேட்டே, எதிர்ச் சாரியில் டீ போடும் சந்திரசேகர் அன்றைய நிலவரத்தைக் கணித்துவிடுவார். சத்தம் சாதாரணமாக இருந்தால் சாதாரண டீ. 'தடார்' என்று கேட்டால் சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போட்டு, தானே கொண்டுபோய் வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் திரும்பிவிடுவார். அந்த வாரம் அவருக்குச் சர்க்கரைச் செலவு தாறுமாறாக ஏறிவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் நாகலூர் அத்தாயி.

பரிதாவுடையது மருந்துக்கடை இல்லை. 'பரிதா சர்ஜிகல்ஸ்' என்று போர்டு. வீல்சேர், வாக்கர், முட்டிக்கு மாட்டுகிற பெல்ட், பிரஷர் பார்க்கிற மெஷின், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு ஏர் பெட் என்று உடம்புக்கு முடியாதவர்களுக்கு வேண்டிய சாமான்கள். இந்தக் கடையை விட்டால் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். கல்லாவில் பரிதா. அவள் கணவர் சாதிக் பாஷா பழைய ஆம்னி வேனில் சாமானை ஏற்றிக்கொண்டுபோய் வீடுகளில் பொருத்திக் கொடுப்பார். பேச வேண்டியதையெல்லாம் பரிதாவே பேசி முடித்துவிடுவதால் அந்த மனுஷனுக்குப் பேச்சு அவ்வளவாகத் தேவைப்பட்டதில்லை.

அத்தாயிக்கு நாகலூரில் கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, மேட்டில் சாமையும் கேழ்வரகும். சந்தை நாளில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கூடையைப் பரிதா கடையில் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. பரிதா கல்யாணமாகிச் சேலத்திலிருந்து மேலே வந்த புதிதில், குளிரில் உதடு வெடித்து, யாரையும் தெரியாமல் கடைக்குள் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றபோது, "ஏங்கண்ணு அழுவற? பசிக்குதா?" என்று கேட்டு ஒரு ஆரஞ்சை உரித்துக் கையில் வைத்தவள் அத்தாயி. அன்றிலிருந்து அவள் அக்கா. கூடப் பிறந்த அக்காள் ஒருத்தி சேலத்தில் இருக்கிறாள். இருந்தும் வருத்தம் என்றால் பரிதாவுக்கு ஞாபகம் வருவது இந்த அக்காதான்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு விநோதமான பழக்கம் இருந்தது. விலை பேசவே மாட்டார்கள். இத்தனைக்கும் அத்தாயி லேசுப்பட்ட ஆள் இல்லை. காபி வியாபாரியிடம் அவள் விலை பேச உட்கார்ந்தாள் என்றால், அந்த ஆள் கோபித்துக்கொண்டு ஜீப்பில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, கடைசியில் அவள் சொன்ன விலைக்கே மூட்டையைத் தூக்குவான். அப்பேர்ப்பட்டவள் பரிதா கடையில் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். "உங்கிட்டப் போயி வெல பேசறதா கண்ணு? எனக்கு மானம் போயிரும்" என்பாள். முட்டி பெல்ட் போகும். அடுத்த வாரம் பலாப்பழம் வரும். தைலம் போகும்; மிளகு வரும். எதற்கு எது ஈடு என்று இருவரும் கேட்டதில்லை.

பரிதாவிடமும் ஒரு கிறுக்கு உண்டு. ஒரு வீட்டுக்குப் போய் மெஷினை மாட்டிக் கொடுத்துவிட்டு, "வந்து போனதுக்குக் கூலி" என்று கேட்க அவளுக்கு நாக்கு வராது. நோயாளி படுத்திருக்கிற வீட்டில் காப்பித்தண்ணி குடித்துவிட்டு, வந்ததற்கும் காசு கேட்பதா, சீச்சீ. அதனால் அந்தக் கூலி, வேனுக்கு டீசல், பின்னால் ரிப்பேர் என்று கூப்பிட்டால் ஓடுகிற ஓட்டம் எல்லாவற்றையும் விலைக்குள்ளேயே மடித்து வைத்துவிடுவாள். வெளியே சொல்வது ஒரே ஒரு தொகை. கேட்பவர்களுக்கு அது பகல் கொள்ளை மாதிரித்தான் தெரியும்.

இப்படி இருக்கையில்தான் அத்தாயியின் புருஷன் வெள்ளையனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. பல நாள் இருமல் முற்றி, நுரையீரல் பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை என்று சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்றான பிறகு டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்றை வீட்டில் வாங்கி வைத்து, அது ஒழுங்காக ஓட வேண்டும். அப்போதுதான் ஆளை அனுப்புவேன். இல்லாமல் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனால் நான் பொறுப்பில்லை.

அத்தாயி சேலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பரிதா கடைக்குத்தான் வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. "மெஷினு எவ்வளவு ஆகும் கண்ணு?" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்தது அதுதான் முதல் தடவை. பரிதாவும் யோசிக்காமல் ஐம்பத்தாறாயிரம் என்றாள். அத்தாயி கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "செரி கண்ணு" என்று எழுந்து போய்விட்டாள்.

செரி என்றால் என்ன அர்த்தம்? ஊருக்கே அது சம்மதம். பரிதா மறுநாளே சாதிக் பாஷாவைச் சேலத்துக்கு அனுப்பி, டிஸ்ட்ரிபியூட்டரிடம் கைக்காசைக் கொட்டி, ஒரு மெஷினை எடுத்து வரச் செய்தாள். கடை மூலையில் தூசி படாமல் பெட்ஷீட் போட்டு மூடி வைத்தாள். அக்கா வருவாள், வெள்ளையன் அண்ணா வீட்டுக்கு வந்துவிடுவார் என்று தினமும் பஸ்ஸைப் பார்த்தாள்.

அத்தாயி வரவில்லை. சந்தை நாள் வந்தது, கூடை வரவில்லை. அடுத்த சந்தைக்கு அவள் வந்ததைப் பரிதா தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி, ஏரிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு, தலைச்சுமையோடு குனிந்து போனாள். கடைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அன்றைக்கு ஷட்டரை மூடிய சத்தத்தில் சந்திரசேகர் கையிலிருந்த டம்ளரே நழுவிவிட்டது.

"என்ன தப்புங்க பண்ணுனேன் நான்?" என்று பரிதா புருஷனிடம் கேட்டாள். "சொல்லுங்க, என்ன தப்புப் பண்ணுனேன்?"

"ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கெடக்கறாரு. அந்தம்மாவுக்கு ஆயிரம் கவலை இருக்கும்" என்றார் சாதிக் பாஷா.

"அந்தக் கவலைய எங்கிட்டச் சொல்லாம ஏரிகிட்டயா சொல்லுவாங்க?"

அதற்குப் பதில் கூரியர் லூர்துராஜ் ரூபத்தில் வந்தது.

மலையில் ஆன்லைனில் வாங்குகிறவர்களின் விலாசம் எல்லாம் ஒரே தினுசு. இன்னார், நாகலூர், சேர்வராயன் மலை, அவ்வளவுதான். எந்த எஸ்டேட், எந்த மேடு, எந்த வளைவு என்று தேடிக்கொண்டு பைக்கில் அலைய லூர்துராஜுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஒவ்வொரு ஊர்ப் பார்சலையும் பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு கடையில் இறக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். அந்தந்த ஊர் பஸ் கண்டக்டர் எடுத்துப் போய்ச் சேர்த்துவிடுவார். நாகலூர் பஸ் நிற்பது பரிதா கடை வாசலில். ஆக, நாகலூர்ப் பார்சல்கள் அவள் கடையில்தான் இறங்கும். இது நெடுநாள் ஏற்பாடு. ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டு லீவில் வந்திருந்த அத்தாயியின் மகன் சிவக்குமாருக்கு மட்டும் இது தெரியாது.

"அக்கா, நாகலூர் பார்சலுங்க. கனமா இருக்குது. எங்க வெக்கட்டும்?" என்று லூர்துராஜ் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான்.

பரிதா விலாசத்தைப் பார்த்தாள். வெ. சிவக்குமார், நாகலூர். பெட்டியின் மேல் மெஷின் படம். எழுந்து போய் மூலையில் கிடந்த பெட்ஷீட்டை உருவி எறிந்தாள். அதே கம்பெனி, அதே படம், இந்தப் பக்கம் மேலே இருக்கட்டும் என்று காட்டுகிற அதே அம்புக்குறி. இரண்டு பெட்டியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

அவள் முகம் மாறியதை லூர்துராஜ் கவனித்தான். "வேண்டாம்னா சொல்லிருங்கக்கா. ஆள் இல்லைன்னு போட்டுட்டுத் திருப்பி எடுத்துட்டுப் போயிர்றேன். மறுபடி மேல வர ரெண்டு மூணு நாளாகும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! வெள்ளையனுக்கு மறுநாள் காலையில் டிஸ்சார்ஜ் என்று நாகலூர் கண்டக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்தப் பெட்டி திரும்பிப் போனால் அத்தாயி தலைதெறிக்க இங்கேதான் ஓடி வர வேண்டும். வேறு எங்கே போவாள்? பரிதா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்படி ஒரு எண்ணம் அவளுக்கு வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. வந்த வேகத்தில் தன் மேலேயே அருவருப்பாகவும் இருந்தது. லூர்துராஜின் காகிதம் கிழிகிற மாதிரி கையெழுத்துப் போட்டாள்.

பிறகு அழுதாள். உள்ளே வந்த சாதிக் பாஷா இரண்டு பெட்டிகளையும் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது.

"டூப்ளிகேட்டாத்தான் இருக்கும்" என்றாள் பரிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எவ்வளவுக்கு வாங்குனாங்கன்னு பாருங்க."

அவர் போனில் தேடிப் பார்த்துவிட்டு, சொல்வதா வேண்டாமா என்று தயங்கினார். "நாப்பத்திரெண்டு."

"என்னது?"

"நாம டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட எடுத்ததே நாப்பத்தஞ்சு" என்றார் மெதுவாக. "நம்ம கொள்முதலே அதுக்கு மேல பரிதா. ஆன்லைன்காரங்க கம்பெனியில நேரா ஆயிரக்கணக்குல எடுக்கறாங்க. கம்பெனி அவங்களுக்குக் கொறச்சுப் போடறான். நமக்குக் கம்பெனியில இருந்து சென்னை, சென்னையில இருந்து சேலம், சேலத்துல இருந்து மேல. ஒவ்வொரு கையிலயும் கொஞ்சம் ஒட்டிக்குது. நாம வருஷத்துக்கு விக்கறது ரெண்டு மெஷினு. நமக்கு யாரு கொறைப்பாங்க?"

இத்தனை நீளமாக அவர் பேசியே நாளாயிற்று. ஆனால் பரிதாவின் காதில் விழுந்தது ஒன்றுதான். அக்கா தன்னை என்னவென்று நினைத்திருப்பாள்? கட்டினவன் மூச்சுக்குத் திணறுகிற நேரத்தில் பதினாலாயிரம் கூடச் சொல்லிக் கொள்ளையடிக்கப் பார்த்தாள் என்றுதானே?

"ரெண்டு பெட்டியையும் வண்டியில ஏத்துங்க" என்றாள். "நாகலூருக்குப் போலாம். அவங்க மெஷின அவங்க கண்ணு முன்னாலயே ஓட்டறேன். அது டூப்ளிகேட்டுன்னு நிரூபிக்கறேன். அப்பறம் என்னுத ஓட்டிக் காட்டறேன். அல்லா மேல ஆணையா, இன்னிக்கு ரெண்டுல ஒன்னு பாத்துடறேன்."

சாதிக் பாஷா மறுபேச்சில்லாமல் ஏற்றினார். பரிதா முன்சீட்டில் ஏறி, கதவை அறைந்து சாத்தி, சாமான்கள் பக்கம் திரும்பியே பார்க்காமல் உட்கார்ந்தாள்.

காபி எடுப்புக் காலம். வழி நெடுக வாசல்களில் காபி காய்ந்தது. வீட்டுக்கு வீடு, பழத்தை உரிக்கிற பல்பர் மெஷினின் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. அத்தாயி வாசலில் குனிந்து காபியைத் துழாவிக் கொண்டிருந்தவள், ஆம்னியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"பார்சல் வந்துருக்குதுங்க" என்றாள் பரிதா, விறைப்பாக. "கையெழுத்துப் போட்டு வாங்குனது நான்தானுங்க அத்தாயியம்மா."

அம்மா! அக்கா என்று கூப்பிட்டுப் பழகிய வாய் அம்மா என்றதும் அத்தாயியின் முகம் சுண்டிப் போயிற்று. "கண்ணு…" என்று ஆரம்பித்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சிவக்குமார் ஓடி வந்தான். "சின்னம்மா, தப்பா நெனைக்காதீங்க. நான்தான் போட்டேன். அம்மா வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லுச்சு."

"நீ நல்லதுதானப்பா பண்ணியிருக்கற. எடு, உள்ள வெச்சு ஓட்டிப் பாக்கலாம்."

வெள்ளையனுக்காக ஜன்னல் ஓரம் கட்டில் போட்டு, துவைத்த விரிப்பு விரித்து, தலையணையைத் தட்டி வைத்திருந்தார்கள். பரிதா அந்த விரிப்பில் இருந்த சுருக்கம் ஒன்றை நீவிவிட்டாள். பிறகு சிவக்குமாரின் பெட்டியைப் பிரித்தாள். மருமகள் கீர்த்திகா ஆற வைத்த தண்ணீர் கொண்டுவந்தாள். பரிதா அதை மெஷினின் பாட்டிலில் ஊற்றி, மூக்குக் குழாயை மாட்டி, பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டாள். மெஷின் உறுமியது. பச்சை விளக்கு எரிந்தது. ஒரு கணம் கழித்துச் சிவப்பு விளக்கு. உடனே 'கீங்… கீங்…' என்று அலறிவிட்டு நின்றுபோயிற்று.

"பாத்தீங்களா!" என்று பரிதா துள்ளினாள். "நான் சொல்லல? டூப்ளிகேட்டு!"

சொல்லிவிட்டு நிமிர்ந்தவள் அத்தாயியின் முகத்தைப் பார்த்தாள். கையில் ஒட்டியிருந்த காபித் தொலியோடு அந்த மனுஷி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாளைக்குக் காலையில அவரு வந்துருவாரே சாமி" என்று மகனிடம் சொன்னாள். "இப்ப என்ன பண்றது?" ஜெயித்த சந்தோஷம் பரிதாவுக்கு அந்த இடத்திலேயே செத்துப் போயிற்று.

"பயப்படாதீங்க. நான் எதுக்கு இருக்கறேன்?" என்று அவசர அவசரமாகத் தன் பெட்டியைப் பிரித்தாள். "இது என் கடை மெஷினு. எங்க ஊட்டுக்காரரு கண்ணு முன்னால சேலத்துல சோதிச்சு எடுத்தது. பாருங்க இப்ப."

பிளக். சுவிட்ச். உறுமல். பச்சை. சிவப்பு. 'கீங்… கீங்…'

பரிதா சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே அலறல். உள்ளங்கையால் மெஷின் தலையில் ஒன்று வைத்தாள். அலறல் நிற்கவில்லை.

முதலில் சிரித்தது அத்தாயிதான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஏங்கண்ணு… உன்னுதும் அதே பாட்டத்தான் பாடுது!"

"சிரிக்காதீங்கக்கா!" என்று கத்தினாள் பரிதா. அக்கா என்று வந்துவிட்டது. வந்தது வந்துவிட்டது, இனி அதைத் திருப்பி வாங்க முடியாது. கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள், அவளுக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் பக்கத்துக் களத்துப் பல்பர் மோட்டார் இரைகிறது காதில் விழுந்தது. தலைக்கு மேலே பல்பு பகலிலேயே மினுக் மினுக் என்று மங்கியது. பரிதா நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள். ஊரில் இத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடினால் வோல்டேஜ் எங்கே இருக்கும்? இந்த மெஷினுக்குக் கரண்ட் குறைந்தால் ஆகாது. அதற்குத்தான் அவள் மலைக் கிராமங்களுக்கு விற்கிற ஒவ்வொரு மெஷினோடும் ஒரு ஸ்டெபிலைசர் சேர்த்துக் கொடுப்பாள். அதற்கும் சேர்த்துத்தான் விலையே சொல்லுவாள். அதைக் கடையிலேயே விட்டுவிட்டு, வெறும் கோபத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்!

"ஏனுங்க!" என்று வாசலைப் பார்த்துக் கூவினாள். "உடனே கடைக்குப் போயி ஸ்டெபிலைசர எடுத்துட்டு வாங்க!"

சாதிக் பாஷா கீர்த்திகா கொடுத்த காபியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். "அது வண்டியிலதான் இருக்குது" என்றார்.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீ பேச விட்டாத்தான?"

ஸ்டெபிலைசர் உள்ளே வந்தது. அதன் முள் ஏறி நிலைக்கு வந்து நின்றது. இப்போது எந்த மெஷினைச் சொருகுவது என்று எல்லாரும் பரிதாவைப் பார்த்தார்கள்.

"உன்னுதயே போடு கண்ணு" என்றாள் அத்தாயி. "நான் உன்னுதயே வெச்சுக்கறேன்."

"ஆமாங்க சின்னம்மா. அத ரிட்டர்ன் பண்ணிரலாம், காசு வந்துரும்" என்றான் சிவக்குமார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அவள் வாரக் கணக்காக வெந்து செத்தாள்? சரி என்று தலையாட்டினால் போதும், மூலையில் முடங்கிய பணம் கைக்கு வந்துவிடும். பரிதா இரண்டு மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். சிவக்குமார் வாங்கியதன் பிளக்கை எடுத்து ஸ்டெபிலைசரில் சொருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. குழாய் நுனியை ஒரு சொம்புத் தண்ணீரில் விட்டதும் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. அத்தாயி குனிந்து அந்தக் குமிழ்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் ஒரே மெஷின்தானுங்கக்கா" என்றாள் பரிதா. "கோவத்துல டூப்ளிகேட்டுன்னு சொல்லிட்டேன். நல்ல சாமான்தான். இதுக்குப் போயி எதுக்கு எனக்குக் கூடக் கொடுக்கணும்? நான் வாங்குற வெலையவிடக் கம்மியா அவங்க விக்கறாங்க. நெசமாத்தான் சொல்றேன். நான் கொள்ளையடிக்கப் பாக்கலீங்கக்கா."

"நீ கொள்ளையடிக்கறன்னு நான் எப்பக் கண்ணு சொன்னேன்?"

"பின்ன எதுக்கு ஏரியச் சுத்திக்கிட்டுப் போனீங்க?"

அத்தாயி நிமிர்ந்தாள். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருவேன்? நீ சொன்ன வெலையக் கேட்டதும் எனக்கு நெஞ்சே அடச்சுப் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது போக அவ்வளவு இல்ல எங்கிட்ட. கொறச்சுக்கோன்னு உங்கிட்டக் கேக்க வாய் வருதா? வரல. பையன் கம்மியா இருக்குதுன்னு போனுல காட்டறான். உங்கிட்ட வாங்காம அங்க வாங்கிட்டு உன் கடையில கூடைய எப்படி எறக்கி வெப்பேன்? நொம்பக் கூச்சமாப் போச்சு கண்ணு."

"ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் பிரிச்சுச் சொல்லியிருப்பேனில்ல? இந்த ஸ்டெபிலைசர், மாசாமாசம் வந்து பில்டரத் தொடச்சு வெக்கறது, கரண்ட் போனாச் சிலிண்டர் கொண்டாந்து கொடுக்கறது, மெஷினு ரிப்பேரானா வேற மெஷினு வெக்கறது, எல்லாம் சேத்துத்தான அந்த வெல!"

"அத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"உங்க ஊட்டுக்கு வாரதுக்குக் கூலின்னு உங்ககிட்ட எப்படிங்கக்கா சொல்லுவேன்?" என்று பரிதா வெடித்தாள். "என் வாயில வருமா அது?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி கேட்க வெட்கப்பட்டாள், ஒருத்தி சொல்ல வெட்கப்பட்டாள். நடுவில் அந்த மெஷின் மட்டும் தன் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அத்தாயி கையைத் துடைத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, காபி வியாபாரி முன்னால் உட்காருகிற மாதிரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "உக்காரு" என்றாள். "இப்பப் பிரிச்சுச் சொல்லு. இந்த ஸ்டெபிலைசர் எவ்வளவு?"

"அதெல்லாம் வேண்டாங்கக்கா…"

"வேண்டாம்னா எடுத்துட்டுப் போயிரு. எவ்வளவு?"

"நாலாயிரம்."

"மூணு."

"அக்கா! அசலே மூணே முக்கால்!"

"அக்காவெல்லாம் அப்பறம். மூணே கால்."

பரிதாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. அசலைச் சத்தியம் பண்ணினாள், பஸ் ஸ்டாண்டு வாடகையைச் சொன்னாள், எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். அத்தாயி அசையவில்லை. கடைசியில் மூன்றே முக்காலுக்கு முடிந்தது. சாதிக் பாஷா வாசலில் நின்று, இரண்டாவது காபியையும் குடிக்க மறந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி. வந்து போறதுக்கு?" என்றாள் அத்தாயி.

பரிதா தரையைப் பார்த்தாள். "அது… மாசம் இருநூறு போதுங்கக்கா."

"அது ஆகாது. முந்நூறு."

"நீங்க கொறச்சுக் கேக்கணும்! ஏத்தியா கேப்பாங்க?"

"இதுல கொறச்சா எனக்குத்தான் நட்டம்" என்றாள் அத்தாயி. "கம்மியாக் கொடுத்தா நீ கம்மியாத்தான் வருவ. முந்நூறு. பேச்சு முடிஞ்சுது."

பரிதா வாயடைத்துப் போனாள். பஸ் ஸ்டாண்டில் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

அவள் மெஷின் திரும்ப வேனில் ஏறியது. "அத வாடகைக்கு விடு கண்ணு. மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கறவங்க மலையில எத்தனையோ பேரு இருக்கறாங்க" என்று அத்தாயி போகிற போக்கில் யோசனையும் சொல்லி அனுப்பினாள். அதற்கு மட்டும் காசு கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளையனைக் கூட்டி வந்தது சாதிக் பாஷாவின் ஆம்னிதான். குப்பனூர் ரோடு வழியாக, சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை வெள்ளையன் மடியில் வைத்து, பள்ளம் மேடு பார்த்து மெதுவாகக் கொண்டுவந்தார். பரிதா முன்னாலேயே நாகலூரில் காத்திருந்தாள். கட்டிலில் சாய்த்து, குழாயை மூக்கில் மாட்டி, சுவிட்சைப் போட்டாள். பச்சை எரிந்தது. வெள்ளையன் கண்ணை மூடி மூச்சு இழுத்தார், விட்டார், இழுத்தார். மெல்ல மெல்ல உதட்டின் நீலம் வெளுத்தது. அத்தாயி காலடியில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்து பரிதாவைப் பார்த்தார். "பரிதா… நேத்து வெல பேசுனீங்களாமா… ரெண்டு பேரும்? சாதிக்கு… சொன்னாரு."

"ஆமாங்கண்ணா."

"ஒருத்தருக்கொருத்தரா?" என்றார், நம்ப முடியாமல். "யாரு… ஜெயிச்சது?"

"அக்காதானுங்க" என்றாள் பரிதா.

"பொய்யி. அவதான்" என்றாள் அத்தாயி.

வெள்ளையன் சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. பரிதா நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள். மூச்சு நிலைப்பட்டதும், "நான் பாக்காமப் போயிட்டனே" என்றார் உண்மையான வருத்தத்தோடு. இத்தனை வருஷம் இந்த இரண்டு பேரையும் பார்த்தவராயிற்றே.

அத்தாயி அவர் பாதத்தை விடவில்லை. கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் சந்தைக் குரலாகவே இருந்தது.

"அதுக்கென்னங்க, மாசாமாசம் வருவா" என்றாள். "வரும்போதெல்லாம் பேசுவோம். நீங்க இருந்து பாருங்க."